உடல் சோர்வுக்குப் பாசி மாத்திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் எழும்போதே களைப்பு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மதியத்துக்கு மேல் எந்த வேலையும் ஓடவில்லை. இப்படிச் சொல்லும் ஒருவரிடம், "சுருள்பாசி சாப்பிட்டுப் பாருங்கள்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். சொல்பவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அதிலிருந்து என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பது தெரியாமல் மாதக்கணக்கில் மாத்திரையை விழுங்கிக்கொண்டு, உண்மையான நோயைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அதனால் இந்தக் கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

பாசி மாத்திரை என்று விற்கப்படுவது உண்மையில் என்ன?

பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முதலாவது ஸ்பைருலினா, அதாவது சுருள்பாசி. நீலப்பச்சை நிறத்தில் இருப்பதால் பாசி என்று அழைக்கிறோமே தவிர, அறிவியல் கணக்கில் அது ஒளிச்சேர்க்கை செய்யும் ஒருவகை பாக்டீரியா. நுண்ணோக்கியில் பார்த்தால் சுருள் கம்பி போலத் தெரியும். இரண்டாவது குளோரெல்லா. இது உருண்டை வடிவ, ஒற்றைச் செல் பச்சைப் பாசி, உண்மையான பாசி இனம். இரண்டையும் தொட்டிகளில் வளர்த்து, வடிகட்டி, உலர்த்தி, பொடியாகவோ மாத்திரையாகவோ ஆக்குகிறார்கள்.

சுருள்பாசி நேற்று வந்த உணவு அல்ல. மெக்சிகோவில் அஸ்டெக் மக்கள் டெக்ஸ்கோகோ ஏரியிலிருந்து அதை அள்ளி உலர்த்தி உண்டார்கள். ஆப்பிரிக்காவின் சாட் ஏரிக் கரையில் கனெம்பு இனப் பெண்கள் இன்றும் காரத்தன்மை கொண்ட குட்டைகளிலிருந்து அதைச் சேகரித்து, மணலில் காயவைத்து, 'டிஹே' என்ற பெயரில் குழம்பில் சேர்க்கிறார்கள். அங்கே அது அன்றாடச் சமையலின் ஒரு பகுதி. நோய் தீர்க்கும் மருந்து என்ற வேடம் அதற்கு விளம்பரத்தில்தான் வந்தது.

சரி, சாப்பிட்டால் சோர்வு போகுமா?

காரணம் தெரியாத நாள்பட்ட சோர்வுக்கு ஸ்பைருலினா உதவுகிறதா என்று நேரடியாகச் சோதித்த ஒரு சிறிய ஆய்வு 2007-இல் வெளியானது. அது செய்யப்பட்ட முறை எனக்குப் பிடிக்கும். நான்கு நோயாளிகள். ஒவ்வொருவருக்கும் 4 வாரம் தினமும் 3 கிராம் ஸ்பைருலினா, இன்னொரு 4 வாரம் அதே போலத் தோற்றமளிக்கும் வெற்று மாத்திரை. இப்படி மூன்று சுற்று. எப்போது எதைச் சாப்பிடுகிறோம் என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. சோர்வை 10-க்கு எத்தனை என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். முடிவில், ஸ்பைருலினா வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாக எதுவும் செய்யவில்லை.

நான்கு பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் "களைப்பைப் போக்கும்" என்று டப்பாவில் துணிந்து அச்சிடும் அளவுக்குச் சான்று இல்லை என்பதை இது காட்டுகிறது.

மறுபக்கம், 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் 50 வயதைத் தாண்டிய 40 பேருக்கு 12 வாரம் ஸ்பைருலினா கொடுத்துப் பார்த்தார்கள். முடித்தவர்களின் சிவப்பணுக்களில் ஹீமோகுளோபின் அளவு சற்றுக் கூடியிருந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, வெற்று மாத்திரை பெற்ற குழு அதில் இல்லை. நம்பிக்கை தரும் தகவல்தான், உறுதி செய்யும் தகவல் அல்ல.

என் கணிப்பு இதுதான். உங்கள் சோர்வுக்குக் காரணம் சாப்பாடு போதாமை என்றால் பாசி கொஞ்சம் கைகொடுக்கலாம். காரணம் தைராய்டு, சர்க்கரை, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, நாள்பட்ட தொற்று என்றால் எத்தனை மாத்திரை விழுங்கினாலும் அது அசையாது.

இரும்புச்சத்து ஏராளம் என்கிறார்களே?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம், ஏனென்றால் பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான்.

அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி உலர்ந்த ஸ்பைருலினா 100 கிராமில் சுமார் 28.5 மில்லிகிராம் இரும்பு. பார்க்கப் பெரிய எண்தான். ஆனால் 100 கிராம் யார் சாப்பிடுகிறார்கள்? வழக்கமான அளவு நாளைக்கு 3 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை ஆறு. அதில் இருக்கும் இரும்பு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு, ஏறக்குறைய 0.85. மாதவிடாய் வரும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 18 மில்லிகிராம், வயது வந்த ஆணுக்கு 8. இரத்தசோகைக்கு மருத்துவர் எழுதும் ஒரு சாதாரண இரும்பு மாத்திரையில் ஏறத்தாழ 60 மில்லிகிராம் இரும்பு இருக்கும். அந்த ஒரு மாத்திரைக்கு ஈடாகப் பாசி சாப்பிட வேண்டுமென்றால் தினமும் 200 கிராமுக்கு மேல் பொடி வேண்டும். அதை யாராலும் சாப்பிட முடியாது, சாப்பிடவும் கூடாது.

ஆகவே, இரத்தசோகை இருப்பது தெரிந்தும் "இயற்கையாகவே சரிசெய்து கொள்கிறேன்" என்று இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டுப் பாசிக்கு மாறாதீர்கள். இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, மலச்சிக்கல் வருகிறது என்பதால்தான் பலர் நிறுத்துகிறார்கள். அப்படியானால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாம், வேறு வகைக்கு மாற்றலாம், தேவைப்பட்டால் ஊசி மூலமும் ஏற்றலாம். இரும்பு மாத்திரையோடு சேர்த்துத் தேநீரோ காபியோ குடிக்காமல், வைட்டமின் சி உள்ள பழத்தோடு சாப்பிட்டால் உடல் நன்றாக எடுத்துக்கொள்ளும்.

எடையில் பாதிக்கு மேல் புரதம் என்பது உண்மையா?

உண்மைதான். உலர்ந்த பொடியின் எடையில் 55 முதல் 70 சதவீதம் வரை புரதம். அதுவும் உடலுக்குத் தேவையான எல்லா அமினோ அமிலங்களும் உள்ள புரதம். தாவர உணவுகளில் இது அபூர்வம். ஆனால் மறுபடியும் அளவைப் பாருங்கள்: 3 கிராம் பொடியில் சுமார் 2 கிராம் புரதம்தான் தேறும். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. புரதக் குறைவால் தளர்ந்து போனவர் முதலில் தட்டில் இருக்கும் பருப்பையும் முட்டையையும் பாலையும் மீனையும் கூட்டட்டும், அப்புறம் பாசியைப் பற்றி யோசிக்கலாம்.

"ஒரு கிராம் பாசி ஒரு கிலோ காய்கறிக்குச் சமம்" என்கிறார்களே?

இல்லை. ஒரு கிலோ காய்கறியில் உள்ள நார்ச்சத்து, பொட்டாசியம், வைட்டமின் சி ஆகியவற்றில் ஒரு சிறு பங்குகூட ஒரு கிராம் பொடியில் கிடையாது. இந்த வரியை டப்பாவில் போட்டிருக்கும் நிறுவனத்தின் மற்ற வாக்குறுதிகளையும் நான் நம்ப மாட்டேன்.

சைவ உணவு மட்டுமே சாப்பிடுகிறேன். பி12 குறைவை இது சரிசெய்யுமா?

செய்யாது. தயவுசெய்து இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி போலி பி12. உருவத்தில் உண்மையான வைட்டமினை ஒத்திருக்கும், ஆனால் மனித உடலால் அதைப் பயன்படுத்த முடியாது. பழைய ஆய்வக முறையில் ஒருவகை பாக்டீரியாவை வளரவிட்டு பி12-ஐ அளந்தார்கள். அந்த பாக்டீரியா போலியையும் உண்டு வளரும் என்பதால், அப்படி அளந்தால் எண் பெரிதாக வரும். அதனால் லேபிளில் "பி12 நிறைந்தது" என்று இருந்தாலும் அதை நம்பி இருக்காதீர்கள். சில குளோரெல்லா தயாரிப்புகளில் உண்மையான பி12 உண்டு, ஆனால் தயாரிப்புக்குத் தயாரிப்பு அளவு வேறுபடுகிறது.

பி12 குறைவு வெறும் களைப்போடு நிற்பதில்லை. பாதத்தில் மரமரப்பு, நாக்கு எரிச்சல், நடையில் தடுமாற்றம், மறதி என்று நரம்புகளைத் தொடும். தாமதித்தால் சில பாதிப்புகள் திரும்பாமலே போகலாம். தினத் தேவை வெறும் 2.4 மைக்ரோகிராம்தான். பால், முட்டைகூடச் சாப்பிடாதவர்கள் அதைச் சாதாரண பி12 மாத்திரையாக எடுத்துக்கொள்வதுதான் சரி. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களும், அமிலம் குறைக்கும் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களும் பி12 அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் முதலில் என்ன பரிசோதனை செய்வது?

இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சோர்வு நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். எதைச் சோதிப்பது என்பதை அவர் உங்கள் கதையைக் கேட்டு முடிவு செய்வார். பொதுவாக முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவை இருக்கும்.

ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே இறங்கினால் இரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. இதில் பலர் தவறவிடுவது ஃபெரிட்டினை. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் எண் அது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே சேமிப்பு காலியாகிக் களைப்பு தொடங்கிவிடலாம். "இரத்தம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரும்பு குறைவு என்று தெரிந்தாலும் கேள்வி முடியவில்லை. ஏன் குறைந்தது? அதிக மாதவிடாய்ப் போக்கா, குடற்புழுவா, மூலமா, வயிற்றுப்புண்ணா? வயதான ஓர் ஆணுக்கு இரும்பு குறைந்தால் குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அங்கே பாசிப் பொடியோடு கழியும் ஒவ்வொரு மாதமும் இழப்பு.

போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வாமைக்கான சில மாத்திரைகளும், இரத்த அழுத்தத்துக்கான பீட்டா பிளாக்கர்களும்கூட ஆளை அசதியாக்கும். இரவில் பலமாகக் குறட்டை விட்டுவிட்டுப் பகலில் தூங்கி வழிகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது சோர்வுக்கு ஒரு பெரிய காரணம்.

எந்த அறிகுறி இருந்தால் காத்திருக்கவே கூடாது?

நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், மயக்கம், கறுப்பாகவோ இரத்தத்தோடோ மலம், திடீரென ஒரு பக்கக் கை கால் பலவீனம்: இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனை. முயற்சிக்காமலே எடை குறைவது, மாலையில் காய்ச்சல், இரவு வியர்வை, விடாத இருமல் இருந்தால் அந்த வாரமே பார்த்துவிடுங்கள். வாழ்வதில் பிடிப்பே இல்லை என்ற எண்ணம் சோர்வோடு சேர்ந்து வருகிறது என்றால் அதற்கும் தயங்காமல் உதவி கேளுங்கள்.

பரிசோதனை எல்லாம் சரி, சாப்பிட்டுப் பார்க்க ஆசை. எவ்வளவு, எப்படி?

ஆரோக்கியமான பெரியவர் தாராளமாக முயலலாம். முதல் வாரம் நாளைக்கு ஒரு கிராம். வயிறு ஒத்துக்கொண்டால் 3 கிராம் வரை போகலாம். ஆய்வுகளில் இதைவிடக் கூடுதலாகவும் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் கூட்டினால் கூடுதல் பலன் என்று எதுவும் இல்லை. உணவோடு சாப்பிடுவது வயிற்றுக்கு நல்லது. பொடியாக வாங்கினால் கெட்டியான, புளிக்காத பழக்கூழில் கலந்தால் அந்தக் குளத்து வாசனை கொஞ்சம் அடங்கும். வெறும் தண்ணீரில் கலந்தால் முதல் நாளே வெறுத்துவிடும். கொதிக்கும் எதிலும் போடாதீர்கள், அதன் நீல நிறமியான ஃபைகோசயனின் சூட்டில் சிதைந்துவிடும்.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மேலே சொன்ன ஆய்வின் முறையையே சின்ன அளவில் நீங்களும் செய்யலாம். தொடங்கும் முன் இரண்டு வாரம், தினமும் ஒரே நேரத்தில், சோர்வுக்கு 10-க்கு ஒரு எண் எழுதி வையுங்கள். தூங்கிய நேரத்தையும் பக்கத்தில் குறியுங்கள். பிறகு 4 வாரம் பாசியோடு, அடுத்த 4 வாரம் பாசி இல்லாமல். இந்தக் காலத்தில் புதிதாக வேறு எதையும் தொடங்காதீர்கள். உடற்பயிற்சி, காபியை நிறுத்துவது, சீக்கிரம் படுப்பது என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. புதிய மாத்திரை என்ற நம்பிக்கையே முதல் பத்து நாள் தெம்பு தருவதும் உண்டு. நிறுத்திய பிறகும் எண்கள் அப்படியே இருந்தால் பாசிக்கு அதில் பங்கு இல்லை.

ஸ்பைருலினாவா, குளோரெல்லாவா?

குளோரெல்லாவின் செல் சுவர் தடித்தது, நம் குடலால் எளிதில் உடைக்க முடியாது. அதனால் செல் சுவர் உடைக்கப்பட்டது என்று குறிப்பிட்ட தயாரிப்பையே வாங்க வேண்டும். ஸ்பைருலினாவின் சுவர் மெல்லியது, அந்தத் தொல்லை இல்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஸ்பைருலினா போதும்.

யார் சாப்பிடக் கூடாது?

லூபஸ், மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற தன்னுடல் தாக்கு நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். பாசி நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டக்கூடும், அந்த நோய்களில் அதுதான் ஆபத்து. உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது, இதில் ஃபீனைல்அலனின் உண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் குளோரெல்லாவிடம் எச்சரிக்கையாக இருங்கள். அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் கெடுக்கும். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கர்ப்பிணிகள், குழந்தைகள்?

ஜப்பானில் கர்ப்பிணிகளுக்குக் குளோரெல்லா கொடுத்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. இரத்தசோகை குறைந்ததாக அதில் தெரிந்தது. ஆனாலும் கடையில் வாங்கும் டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்பது உறுதியாகத் தெரியாத நிலையில், வயிற்றில் குழந்தையோடு அந்தச் சோதனையை நாமாகச் செய்ய வேண்டியதில்லை. மருத்துவர் தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளை விடாமல் சாப்பிடுங்கள். குழந்தைகளின் உடல் எடை குறைவு என்பதால் அசுத்தம் இருந்தால் பாதிப்பும் கூடுதல். குழந்தைகள் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

அசுத்தம் என்றால் என்ன? எப்படிப் பார்த்து வாங்குவது?

பாசி தான் வளரும் தண்ணீரில் உள்ளதை உறிஞ்சிக்கொள்ளும். ஈயம், ஆர்சனிக், பாதரசம் இருந்தால் அவையும் உள்ளே போகும். இன்னொரு ஆபத்து மைக்ரோசிஸ்டின். திறந்த ஏரிகளில் வளரும் வேறு சில நீலப்பச்சைப் பாசிகள் உண்டாக்கும் நச்சு அது, கல்லீரலைத் தாக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் க்ளமத் ஏரியிலிருந்து அள்ளப்படும் பாசியில் இந்த நச்சு தென்பட்டதால், 1997-இல் அந்த மாநிலம் கிராமுக்கு ஒரு மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது.

அதனால் ஏரியில் அள்ளியதைவிடக் கட்டுப்பாட்டோடு தொட்டியில் வளர்த்தது மேல். கன உலோகத்துக்கும் மைக்ரோசிஸ்டினுக்கும் அந்த டப்பாவின் உற்பத்தித் தொகுதியைச் (பேட்ச்) சோதித்த ஆய்வக அறிக்கையை விற்பவரிடம் கேளுங்கள். அறிக்கையில் உள்ள தொகுதி எண்ணும் டப்பாவில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். "இயற்கையானது, சோதனை தேவையில்லை" என்று பதில் வந்தால் வாங்காதீர்கள். வீட்டுத் தொட்டியில் வளர்ப்பதையும் நான் ஊக்குவிக்க மாட்டேன். வளர்ந்திருப்பது எந்தப் பாசி என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது.

பக்கவிளைவு இருக்குமா?

மலம் கரும்பச்சையாகப் போவது சகஜம், பயப்பட வேண்டாம். வாயு, வயிற்றுப் பிரட்டல், தலைவலி சிலருக்கு வரும், அளவைக் குறைத்தால் அடங்கும். தோலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு வந்தால் அது ஒவ்வாமை. நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். கண் மஞ்சளாவதும் சிறுநீர் அடர்நிறமாவதும் கல்லீரலின் கூக்குரல், அதற்கும் தாமதம் கூடாது.

கெல்ப் மாத்திரையும் இதே மாதிரிதானா?

இல்லை. கெல்ப் என்பது பெரிய கடற்பாசி, அயோடின் மிகுந்தது. பெரியவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். சில கெல்ப் வகைகளில் ஒரு கிராமிலேயே 1000 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கும். அயோடின் அளவு மீறினால் தைராய்டு அளவுக்கு அதிகமாகவும் வேலை செய்யலாம், சுணங்கியும் போகலாம். சுணங்கினால் வருவது என்ன? அதே சோர்வு. சோர்வுக்காகக் கெல்ப் சாப்பிடுவதை நான் அறவே வேண்டாம் என்பேன்.

ஏற்கெனவே ஒரு டப்பா வாங்கி பாதி சாப்பிட்டுவிட்டேன். தூக்கிப் போடவா?

மேலே சொன்ன நோய்களோ மருந்துகளோ உங்களுக்கு இல்லை, தயாரிப்பின் சோதனை அறிக்கை கிடைக்கிறது, வயிறும் ஒத்துக்கொள்கிறது என்றால் முடித்துவிடுங்கள். வெளிச்சமும் ஈரமும் படாமல் இறுக மூடி வையுங்கள். பொடி கட்டி தட்டினாலோ, நிறம் வெளுத்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ பயன்படுத்த வேண்டாம். அறிக்கை கிடைக்கவில்லை என்றால் போட்ட பணத்தைப் பார்க்காமல் நிறுத்திவிடுங்கள். இரண்டில் எதுவானாலும், இரத்தப் பரிசோதனைக்கு நாள் குறிப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த டப்பாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மற்ற மருந்துகளோடு சேர்த்து அவர் பார்க்க வேண்டியது அது.